சைலன்சருக்குள் தேங்கும் தண்ணீர்

ஆரணிப் பக்கத்துச் சேவூரில் ஐப்பசி பிறந்தால் தறிக்காரர்களின் முதல் கவலை குழியைப் பற்றியது. குழித்தறியின் குளிர்ச்சி பட்டிழைக்கு நல்லது. காற்று வறண்டுபோனால் இழை அறும். அதே ஈரம் அடைமழையில் அளவு மீறிக் குழிக்குள் ஊறிவிட்டால் வேலை நின்றுபோகும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடவும் முடியாது. ஈரத்தின் அளவைக் கையால் தொட்டே சொல்லத் தெரிந்த ஊர் இது. ஆனாலும் இங்கே வீட்டோரக் கொட்டகையில் நிற்கும் பழைய அம்பாசிடருக்குள்ளும் ஃபியட்டுக்குள்ளும் ஊறுகிற ஈரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சைலன்சருக்குள் ஊறுகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைத் துடைத்து, பொட்டு வைத்து, சாவி போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார்கள். "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் போட்டு விடுங்க சார், இல்லேன்னா எல்லாம் இறுகிடும்" என்று மெக்கானிக்கும் சொல்லியிருப்பார். வண்டியின் மேல் உள்ள அன்பினால் செய்வதுதான். ஆனால் பழைய காரின் புகைக்குழாயை அரிப்பதில் இந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியவில்லை. மழையில் நனைவது, தெருத் தண்ணீரில் இறங்குவது எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

காரணம் பெட்ரோலுக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகப் போகிறது. ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் ஒரு கிலோவுக்கும் மேல் தண்ணீர் பிறக்கும். லிட்டரில் சொன்னால், ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். ஓடுகிற வண்டியில் அது ஆவியாகவே பின்னால் போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. மார்கழிக் காலையில் வண்டியின் பின்னால் வெண்புகை எழுவதும், குழாய் முனையில் சொட்டுச் சொட்டாக நீர் விழுவதும் இதே தண்ணீர்தான்.

அந்தப் புகையில் நீராவியின் பங்கு ஏறக்குறைய ஏழில் ஒன்று. அவ்வளவு ஆவி நிறைந்த காற்று 50 பாகை செல்சியசுக்குச் சற்று மேலேயே நீராகப் படிய ஆரம்பித்துவிடும். இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குழாய் துருப்பிடிப்பது குளிர் நாட்டுத் தொல்லை, பனியும் உப்பும் கொட்டிய சாலைகளின் தொல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் ஆரணி 40 பாகையில் கொதித்தாலும், கொட்டகைக்குள் நிற்கும் சைலன்சரின் தகடு 50 பாகைக்குக் கீழேதான் இருக்கும். ஆக, சித்திரையோ மார்கழியோ, ஸ்டார்ட் போட்ட முதல் சில நிமிடங்கள் சைலன்சருக்குள் நீர் படிந்தே தீரும். வெளிநாட்டில் சாலை உப்பு குழாயை வெளியிலிருந்து தின்கிறது. நம் ஊரில் அது உள்ளிருந்து சாகிறது.

அளவையும் பார்த்துவிடலாம். சும்மா நின்று ஓடும் என்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிமிடத்தில் எண்பது மில்லிலிட்டருக்கு மேல் செலவாகும். சோக் இழுத்து ஓட்டினால் இன்னும் கூடும். அதே அளவு தண்ணீர் உண்டாகி, அதில் நல்ல பங்கு குளிர்ந்த தகட்டில் தங்கிவிடும். நன்றாகச் சூடேறிய பிறகு அணைத்த வண்டியில் நிலைமையே வேறு. குழாய், சைலன்சர் எல்லாம் சேர்த்து பத்து லிட்டர் கொள்ளளவு என்றால், உள்ளே மிஞ்சும் சூடான புகையில் இருக்கும் நீர் ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு பக்கம் அரை டம்ளர், மறுபக்கம் சில துளிகள். வாராவாரம் இதைப் பெருக்கிப் பார்த்தால் சில வண்டிகளின் சைலன்சர் மட்டும் மூன்றே வருடத்தில் ஏன் உதிர்கிறது என்பதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

தண்ணீர் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதில் கரைந்திருப்பவை பொல்லாதவை. கரியமில வாயு கரைந்து கார்போனிக் அமிலமாகும். எரிபொருளில் உள்ள கந்தகம் கந்தக அமிலமாகும். அன்றைய பெட்ரோலில் ஈயம் இருந்தது. ஈயம் என்ஜினுக்குள் படியாமல் வெளியேற வேண்டும் என்பதற்காக அதோடு புரோமின், குளோரின் சேர்மங்களையும் கலந்தார்கள். அவை எரிந்து வெளிவந்து, குளிர்ந்த நீரில் கரைந்து தகட்டைத் தின்றன. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. அந்த மாற்றத்தை மூச்சுக்காற்றுக்காகவே கொண்டுவந்தார்கள். சைலன்சருக்கும் அது நல்ல நாள்தான். கந்தகமும் படிப்படியாகக் குறைந்தது. 2000-இல் பெட்ரோலில் பத்து லட்சத்தில் 1000 பங்கு வரை அனுமதி. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது அது 10 பங்காக இறங்கியது. இன்று பழைய காருக்குப் புதிய சைலன்சர் போடுகிறவர், அவருடைய அப்பா போட்டதைவிட நீண்ட நாள் அது உழைக்கும் என்று நியாயமாகவே எதிர்பார்க்கலாம்.

டீசல் அம்பாசிடர்களின் கதை சற்று வேறு. டீசல் என்ஜின் தேவைக்கு மேல் காற்றை இழுப்பதால் புகையில் நீராவியின் அடர்த்தி குறைவு, நீர் படிவதும் குறைவு. ஆனால் அன்றைய டீசலில் கந்தகம் மிக அதிகம். கந்தக அமிலமோ நீர் படியும் சூட்டைவிட மிக மேலே, 100 பாகைக்கு மேலேயே படிய ஆரம்பிக்கும். கரியும் அமிலமும் கலந்த அந்தப் பழைய படிவு இன்றும் சில வண்டிகளின் குழாயில் அடைத்துக்கொண்டு இருக்கிறது.

இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனால் தரும் தண்ணீர் பெட்ரோல் தருவதற்கு ஏறக்குறைய சமம்தான். ஆனால் அதில் சக்தி குறைவு. அதே தூரம் ஓட அதிகம் எரிக்க வேண்டும், ஆகவே கிலோமீட்டர் கணக்கில் தண்ணீர் கூடும். பழைய காரில் எத்தனாலால் வரும் பெரிய சிக்கல்கள் டாங்கிலும் ரப்பர் குழாயிலும் கார்புரேட்டரிலும்தான். சைலன்சருக்கு அது கூடுதலான சிறு சுமை, அவ்வளவே.

துருவுக்கும் காற்றின் ஈரத்துக்கும் உள்ள உறவு பற்றிய அறிவு நமக்கு வந்த வழியும் சொல்லத்தக்கது. 1930-களில் இங்கிலாந்தில் வெர்னான் என்ற ஆய்வாளர் இரும்புத் துண்டுகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வைத்துப் பார்த்தார். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டிய ஓர் எல்லைக்குக் கீழே இருந்தவரை, கந்தகப் புகை கலந்த காற்றிலும் துரு மெல்லவே வளர்ந்தது; எல்லையைத் தாண்டியதும் திடீரென வேகம் பிடித்தது. நம் பக்கம் மழைநாட்களில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அதோடு, ஏற்கனவே துருவும் உப்பும் படிந்த தகடு காற்றிலிருந்து ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். துரு வந்த இடத்திலேயே மேலும் மேலும் துரு வருவது இதனால்தான்.

தமிழ்நாட்டில் உலோக அரிமானத்தை ஆராயும் ஒரு பெரிய ஆய்வுக்கூடம் இருப்பது பலருக்குத் தெரியாது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்தான் அது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பட்டது. நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து, எங்கே எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தையே அவர்கள் தயாரித்தார்கள். மண்டபத்தில் கடலோரச் சோதனைக் களம் ஒன்றும் உண்டு. நாட்டிலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கடலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஆரணி வட்டாரத்துக்கு அந்த உப்புக்காற்று வராது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ நிற்கும் காரைவிட இங்கே நிற்கும் காரின் வெளித்தகடு நெடுநாள் தாங்கும். ஆனால் நமக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. பட்டுச் சாயத் தொட்டிகளில் அமிலம் சேர்ப்பார்கள். அசெட்டிக் அமிலத்தின் ஆவி இரும்புக்குக் கொஞ்சமும் ஆகாது. சாயப்பட்டறையை ஒட்டிய கொட்டகையில் பழைய காரை நிறுத்தவே கூடாது என்பேன்.

அடுத்தது, சைலன்சர் எதனால் செய்யப்பட்டது என்ற கேள்வி. அம்பாசிடர் 1958-இல் வந்தபோதும், சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1960-களில் உருவானபோதும் குழாய்கள் சாதாரண மெல்லிய எஃகுத் தகட்டில்தான் வந்தன. என்ஜினை ஒட்டிய மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. அது தடிமனாகவும் எப்போதும் சூடாகவும் இருப்பதால் மேல்துருவோடு பல பத்தாண்டுகள் நிற்கும். பின்னால் போகப் போகச் சூடு குறையும், தகடும் மெலியும். கடைசிச் சைலன்சரும் வால்குழாயும் முதலில் போவது அதனால்தான். சைலன்சருக்குள் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சும் அடைத்திருப்பார்கள். பஞ்சு நனைந்தால் லேசில் காயாது, ஈரத் துணியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான்.

மாற்றுச் சைலன்சர் தேடுகிறவர்கள் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைவார்கள். கிடைக்காதவர்கள் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்வார்கள். இங்கேதான் தவறுகள் நடக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜி.ஐ. பைப்பை வளைத்துப் போடுவது முதல் தவறு. அதன் மேல் பூசிய துத்தநாகம் 420 பாகையை ஒட்டி உருகிவிடும். அந்தப் பூச்சை நம்பி 200 பாகைக்கு மேல் நெடுநேரம் போகக்கூடாது, என்ஜின் பக்கத்துக் குழாயோ அதைச் சுலபமாகத் தாண்டும். வெல்டிங் வைக்கும்போது கிளம்பும் வெள்ளைப் புகை வெல்டருக்குக் குளிர்காய்ச்சலை வரவழைக்கும்.

இரண்டாவது தவறு எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத எஃகு பற்றியது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்று கடைத்தெருவில் ஒரு நம்பிக்கை. புகைக்குழாய்க்கு இந்தச் சோதனை தலைகீழாகப் போகும். கார்ப் புகைக்குழாய்களுக்கென்றே 1960-களில் உருவாக்கப்பட்ட 409 என்ற ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். 11 விழுக்காடு குரோமியம் உள்ள அது மேலே லேசாகப் பழுப்பேறும், ஆனால் ஓட்டை விழாமல் வருடக்கணக்கில் உழைக்கும். கைப்பிடிக் கம்பிக்கும் பாத்திரத்துக்கும் போகிற மலிவான 202-இலும், விலை கூடிய 304-இலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை வைத்து 202-ஐயும் 304-ஐயும் பிரித்தறிய வழியில்லை. பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதே வழி. என்னைக் கேட்டால், உள்நாட்டு ஊரில் நிற்கிற காருக்கு 409 போதும். கடலோரத்துக் காருக்கு 304-க்குச் செலவழிக்கலாம். இரண்டுக்கும் கையிருப்பு இல்லையென்றால் அலுமினியம் பூசிய எஃகுக் குழாய் நல்ல நடுவழி. வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்க வேண்டும்.

வெளிப்பூச்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 600 பாகை வரை தாங்கும் சிலிக்கோன் அலுமினியப் பெயின்ட் வெளித்துருவைத் தடுக்கும். துருவைச் சுரண்டி, தின்னரில் துடைத்து, மெல்லியதாக அடித்து, வண்டியை ஓட்டிச் சூட்டில் இறுகவிட வேண்டும். உள்ளே படியும் நீருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. புல்லட்டில் அழகுக்காகச் சுற்றுகிற இழைநாடாவைச் சிலர் காரிலும் சுற்றுகிறார்கள். மழையில் நனைந்தால் அந்த நாடா ஈரத்தைத் தகட்டோடு அணைத்து வைத்திருக்கும். அந்தக் காலத்தில் ஓட்டைக்கு மேல் சுற்றிய அஸ்பெஸ்டாஸ் கயிற்றுக்கும் இதே குறை. நுரையீரலுக்கு அது செய்யும் கேடு இன்னும் பெரியது. பழைய வண்டியில் அப்படிச் சுற்றியிருந்தால் உலர்ந்த நிலையில் பிய்க்காமல், நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும்.

நிபுணர்களும் மெக்கானிக்குகளும் ஒத்துப்போகாத ஒரு விஷயம் உண்டு. சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை போடலாமா? பழைய சைலன்சர்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே அந்தத் துளை உண்டு. கரியும் துருவும் அடைத்துக்கொண்டதால் யாருக்கும் தெரிவதில்லை. சத்தம் கூடும், புகை கசியும் என்பது எதிர்ப்பவர்களின் பேச்சு. 3 மில்லிமீட்டர் துளையால் சத்தம் காதுக்குத் தெரிகிற அளவு மாறாது. கசிவு பற்றிய பயம் நியாயமானது, எனவே காரின் வாலை ஒட்டிய சைலன்சரில், வண்டி நிற்கும்போது எது மிகத் தாழ்ந்த இடமோ அங்கே மட்டும் போடலாம். பயணிகள் உட்காரும் தளத்துக்கு நேர் கீழே வேண்டாம். கொட்டகையில் வண்டியின் மூக்கு இம்மி உயர்ந்து நிற்கும்படி நிறுத்துவதும் உதவும்.

உள்ளே எண்ணெய் தெளித்து வைக்கலாமா என்றும் கேட்பார்கள். என்ஜின் சிலிண்டருக்குள் நீண்ட நாள் சேமிப்புக்கு முன் சிறிது எண்ணெய் விடுவது நல்ல வழக்கம். சைலன்சருக்குள் ஊற்றுவது அப்படியல்ல. மறுபடி ஓட்டும்போது புகை மண்டும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய வழிவகுத்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுச் செல்லுபடி. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். பாரம்பரியத்தைக் காக்கும் நல்ல சட்டம்தான். ஆனால் வண்டிகள் இன்னும் அதிக நேரம் நின்றே இருக்கும் என்பதும் உண்மை. அப்படி நிற்கிற வண்டியை அவ்வப்போது ஐந்து நிமிடம் ஓடவிடும் சபலம் கூடிக்கொண்டே போகும். விதி தடுப்பது சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றங்களைத்தான். துருப்பிடிக்காத புகைக்குழாய் போடுவதால் பதிவுக்குக் குந்தகம் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? முழுதாக ஓட்டுங்கள், அல்லது தொடவே தொடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் கேடு. சாதாரணப் பதிவில் உள்ள வண்டியென்றால் மாதம் ஒரு நாள் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்கோ வேலூருக்கோ ஒரு நடை போய் வரலாம். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட வேண்டும். நின்ற இடத்தில் ஓடவிட்டால் முன்குழாய் சூடேறும், வால் சைலன்சர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். உள்ளே காய்ந்துவிட்டதா என்று அறியத் தோசைக்கல் சோதனை போதும். வால் சைலன்சரின் மேல் சில துளி நீரைத் தெளித்தால் 'சுர்' என்று பறக்க வேண்டும். பரவி நின்று மெல்லக் காய்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இன்னும் ஓட்ட வேண்டும்.

மழைக்காலம் முழுவதும் எடுக்கப் போவதில்லை என்றால், கடைசியாக ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி, பேட்டரியைக் கழற்றி, புரட்டாசிக் கடைசியில் நிறுத்திவிட்டுத் தைப் பொங்கலுக்கு எடுப்பது உத்தமம். தரை மண்ணாக இருந்தால் ஈரம் கீழிருந்து ஏறும். தடித்த பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் போடலாம், ஆனால் வண்டியின் மேல் தார்ப்பாய் போட்டு இறுக்கக் கட்டக்கூடாது. மேலே பருத்தித் துணி, சுற்றிலும் காற்றோட்டம். வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் ஸ்டார்ட் போடவே கூடாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு பழைய கார் வைத்திருந்தவர்கள் இதைக் கசப்போடு கற்றார்கள். குழாயைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஆண்டுக்கு ஒரு முறையாவது வண்டியின் அடியில் போய்ப் பார்க்க வேண்டும். மரச்சுத்தியால் சைலன்சரைத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு சத்தமில்லாமல் அமுங்கும், உள்ளே உதிர்ந்த துரு கலகலக்கும். மேனிஃபோல்டு நட்டுகளுக்குப் பித்தளையைப் போட்டால் அடுத்த முறை உடையாமல் கழலும். ஓட்டை கண்டால் எம்-சீல் வைத்தோ, எண்ணெய் டின் தகட்டைச் சுற்றிக் கம்பி கட்டியோ ஓட்டிவிடலாம் என்று எண்ணக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பழைய காரின் தளத்திலும் டிக்கியிலும் ஏற்கனவே துருவோட்டைகள் இருக்கும், அவற்றின் வழியாக அது உள்ளே ஏறும். குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற வண்டி அது. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடுவதும் அதே ஆபத்துதான்.

கடைசி வேலை வால்குழாயின் வாயை அடைப்பது. வண்டி நன்றாகச் சூடேறித் திரும்பி வந்ததும் அடைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஆவி வெளியேறட்டும். கை பொறுக்கும் வெதுவெதுப்புக்குச் சூடு இறங்கியபின், வடிதுளையை ஒரு கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, துணிப்பைக்குள் சிலிக்கா ஜெல் மணிகளை வைத்துக் குழாய்க்குள் செருகி, மேலே ஒரு ரப்பர் மூடியை இறுக்கலாம். மணிகள் நிறம் மாறினால் 120 பாகைச் சூட்டில் அடுப்பில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். நீல மணிகளில் கோபால்ட் இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டவிடக்கூடாது, சமையல் பாத்திரத்தில் வறுக்கவும் கூடாது. ஆரஞ்சு மணிகள் மேல். மூடியால் இன்னொரு நன்மையும் உண்டு. நம் ஊரில் மாதக்கணக்கில் நிற்கிற குழாயைக் குளவி விட்டுவைக்காது. மண்ணைக் குழைத்து உள்ளே கூடு கட்டிவிடும், எலியும் புகும். அடைத்ததை மறந்துவிட்டு ஸ்டார்ட் போடாமல் இருக்க, தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டுநூலில் ஒரு பிடி எடுத்து, ஒரு துண்டை மூடியிலும் இன்னொரு துண்டைச் சாவியிலும் கட்டி வையுங்கள். தை மாதம் சாவியைக் கையில் எடுக்கிறவர் யாராக இருந்தாலும், அந்த நூலைப் பார்த்து முதலில் வண்டியின் பின்னால் போவார்.